கண்ணாடியைப் பிளக்கோடு கட்டுங்கள்: வண்டி ஷெட்டில் சொந்தமாக வேலை பார்ப்பவர்களுக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலிக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி வந்து ஜங்ஷன், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீருக்குள் நின்றன. எங்கள் வண்டி ஷெட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு சேற்றை வழித்துத் தள்ளி, ஸ்பேனர், சுத்தியல், உளி என்று ஒவ்வொன்றாகக் கழுவி, தார்சாவிலும் மொட்டை மாடியிலும் காயப்போட்டோம். கட்டிங் மெஷினில் (ஆங்கிள் கிரைண்டர்) மாட்டுகிற வீல்கள் ஒரு டப்பா நிறைய இருந்தன, அவற்றையும் காயப்போட்டேன். காய்ந்ததும் பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தன.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது கேட்டில் துருப்பிடித்த கம்பி ஒன்றை அறுக்க வேண்டியிருந்தது. அந்த வீல்களில் ஒன்றை மாட்டினேன். சுவிட்சைப் போட்டு, கம்பியில் வைத்து, மூன்று விநாடிகூட ஆகியிருக்காது, அணுகுண்டு வெடி போட்ட மாதிரி ஒரு சத்தம். வீல் மூன்று துண்டாகிவிட்டது. ஒரு துண்டு, வீலை மூடியிருக்கும் தகரமான கார்டுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது, ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை, மூன்றாவது துண்டு ஷட்டர் தகரத்தைக் கிழித்துக்கொண்டு தெருப்பக்கம் போய்விட்டது. அந்தக் கிழிசல் இன்னும் அப்படியே இருக்கிறது. பத்து வயசுப் பிள்ளையின் தலை உயரத்தில்.

தண்ணீரில் ஊறிய வீல் காய்ந்தாலும் பழைய வீல் ஆகாது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. அரைக்கிற மணலைப் பசை மாதிரியான ஒரு பிசினில் குழைத்து, நடுவே கண்ணாடி நூல் வலை வைத்து அழுத்திச் செய்வதுதான் இந்த வீல். ஈரம் அந்தப் பிசினின் பிடிப்பைக் கெடுத்துவிடும். வெள்ளம்தான் வர வேண்டும் என்றில்லை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஓதம் ஏறும் சுவரோரம் இரண்டு வருஷம் கிடந்தாலும் அதே கதிதான். ஆகவே உங்கள் ஷெட்டிலும் தண்ணீர் புகுந்திருந்து, அந்த வீல்கள் இன்னும் டப்பாவில் இருந்தால், இதைப் படித்து முடிப்பதற்குள் எழுந்துபோய் அவற்றை உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு வாருங்கள். உடைக்காமல் போட்டால் வேறு யாராவது எடுத்து மாட்டுவார்கள்.

சேர்த்துக் கட்டி வைப்பது

எனக்குத் தெரிந்து ஷெட்டில் அடிபட்டவர்களில் ஒருவர்கூட விவரம் தெரியாத ஆள் இல்லை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும், கார்டைக் கழற்றக்கூடாது, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது, எல்லாம் தெரியும். காலையிலிருந்து ஒழுங்காகத்தான் செய்திருப்பார்கள். வேலை முடிந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்து, கை கழுவி, அடுக்களையிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிற நேரத்தில், "இந்த ஒரு முனை மட்டும் துருத்திக்கிட்டு நிக்கு, ஒரு இழுப்பு இழுத்துட்டு வந்துருதேன்" என்று திரும்பிப் போவார்கள் பாருங்கள், அப்போது போட மாட்டார்கள். கண்ணாடி அலமாரியில் இருக்கும், மெஷின் கைக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டுக்கும் நடுவே பத்தடி தூரம். அந்தப் பத்தடியில்தான் கண் போகிறது.

அதனால் நான் செய்து வைத்திருப்பது இதுதான், நீங்களும் செய்யுங்கள். கட்டிங் மெஷினின் பிளக்கைச் சுற்றி, மூன்று பின்னையும் மறைக்கிற மாதிரி, கண்ணாடியின் எலாஸ்டிக் வாரை மாட்டிவிடுங்கள். மெஷினுக்குக் கரண்ட் கொடுக்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் கையில் எடுத்தே ஆக வேண்டும். கையில் எடுத்ததை முகத்தில் மாட்டுவது ஒரு வேலையே இல்லை. வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, மறுபடி கண்ணாடியை அதிலேயே மாட்டுங்கள். அந்த "ஒரு இழுப்பு"க்குத் திரும்பி வந்தாலும் கண்ணாடி வழியில் நிற்கும்.

இதே வழியை எல்லாவற்றுக்கும் கொண்டுபோகலாம். கார் ஜாக்கியின் கைப்பிடியை, தூக்கிய வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகளோடு சேர்த்துக் கயிற்றில் கட்டி வையுங்கள், ஸ்டாண்டை எடுக்காமல் ஜாக்கி ஏறாது. வெல்டிங் ஹோல்டரை முகமூடிக்குள் போட்டு ஆணியில் தொங்கவிடுங்கள். மணல் வாளியையும் தீயணைப்பு சிலிண்டரையும் ஷெட்டின் உள்மூலையில் வைக்காதீர்கள், தீ அங்கேதான் பிடிக்கும், நீங்கள் வாசலுக்கு ஓடி வந்த பிறகு கைக்கு எட்ட வேண்டும், ஆகவே வாசல் நிலையை ஒட்டி வையுங்கள். சிலிண்டர் வாங்கும்போது ஏ.பி.சி. பவுடர் வகை என்று கேட்டு வாங்குங்கள். மரம், பெட்ரோல், கரண்ட் மூன்றுக்கும் அது ஆகும்.

சாரம், துண்டு, கையில் கட்டிய கயிறு

வீட்டில் இருக்கும்போது நாம் எல்லோரும் சாரம்தான் (கைலி). ஷெட்டுக்குள் அது வேண்டாம். தொங்கும் சாரம் தரையில் கிடக்கும் ஒயரிலும் கம்பியிலும் மாட்டும். மடித்துக் கட்டினால் முழங்காலுக்குக் கீழே எல்லாம் வெறும் சதை. பாலியஸ்டர் கலந்த துணியில் நெருப்புப் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தி பேண்ட், பருத்திச் சட்டை, மூடிய ஷூ, அவ்வளவுதான் வேண்டியது. ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம்.

டிரில் மெஷின் பிடிக்கும்போது கவனிக்க வேண்டியது சுற்றிக்கொள்ளும் எதையும். தோளில் போட்ட துண்டு, கோயிலில் கட்டிய கயிறு, கைச்சங்கிலி, கழுத்துச் செயின், பெண்கள் என்றால் துப்பட்டா, முந்தானை, பின்னாத முடி. துணிக் கையுறையும் இதில் சேர்த்தி. கையுறை பாதுகாப்பு என்று நினைத்து டிரில் பிடிக்கும்போதும் போடுகிறார்கள். சுற்றும் பிட்டில் நூல் ஒன்று மாட்டினால் போதும், விரலோடு சேர்த்துச் சுருட்டிவிடும். தகரம் தூக்க, சுமை தூக்க, வெல்டிங்குக்குக் கையுறை வேண்டும், டிரில்லுக்கு வெறும் கைதான் நல்லது. துளை போடும் தகரத்தையோ பட்டையையோ ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் டிரில் போடாதீர்கள். பிட் அடிப்பக்கம் வெளியே வரும் நேரத்தில் கவ்விக்கொண்டு, தகரம் விசிறி மாதிரி சுற்றும். கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கிளாம்ப் இல்லை என்றால் வாங்கிய பிறகு துளை போடுங்கள்.

கட்டிங் மெஷின்

வீட்டில் வைத்திருக்கும் கருவிகளில் எனக்கு அதிகப் பயம் இதில்தான். நாலு இஞ்ச் மெஷின் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். வீலின் விளிம்பு அப்போது மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. உடைந்தால் துண்டு அந்த வேகத்தில்தான் கிளம்பும்.

வீல் வாங்கும்போது அதன் மேலே அச்சடித்திருக்கும் அதிகபட்சச் சுற்றைப் பாருங்கள். மெஷினின் சுற்றைவிட அது கூடுதலாக இருக்க வேண்டும். நாலு இஞ்ச் வீலில் பெரும்பாலும் 15,000க்கு மேல் போட்டிருக்கும். ஏழு இஞ்ச் வீல் 8,500 சுற்றுக்குத்தான் செய்தது. "கார்டைக் கழத்திட்டா ஏழு இஞ்சும் உள்ள போகும், ஆழமா வெட்டலாம்" என்று யாராவது அண்ணாச்சி யோசனை சொன்னால் கேட்காதீர்கள், தாங்காத வேகத்தில் தாங்காத வீலைச் சுற்றவிட்டு, தடுக்கிற ஒரே தகரத்தையும் எடுத்துப் போடுகிற வேலை அது. நல்ல வீல்களில் நடு உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். அதுதான் கெடு, வழக்கமாகச் செய்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. கடையில் தள்ளுபடியில் கொடுத்தால் அதை முதலில் பார்க்க வேண்டும்.

மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாற்றுங்கள், சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு இல்லை. புது வீலை மாட்டியதும் நேராகக் கம்பியில் வைக்காமல், மெஷினை ஆள் இல்லாத பக்கம் காட்டி ஒரு நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள். கெட்ட வீல் பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வீல் சுற்றும் கோட்டுக்கு நேராக நிற்காதீர்கள், முகம் ஒரு சாண் விலகியே இருக்கட்டும். வெட்டும் வீலைப் படுக்கப் போட்டுத் தேய்க்காதீர்கள். மெல்லிசான வீல் பக்கவாட்டு அழுத்தத்துக்குச் செய்ததில்லை, தேய்க்கத் தடிமன் வீல் தனியாக இருக்கிறது.

அப்புறம் சிக்கிக்கொண்டு எகிறுவது. நீளக் கம்பியை இரண்டு பக்கமும் கல்லில் வைத்து நடுவில் அறுத்தால், பாதி அறுத்ததும் கம்பி தொய்ந்து வெட்டு வாய் மூடிக்கொள்ளும், வீலைக் கவ்வும், மெஷின் உங்கள் மேலே பாயும். அறுத்து விழப்போகும் துண்டு தானாகக் கீழே தொங்கி விழுகிற மாதிரி, கல்லுக்கு வெளியே நீட்டி வைத்து அறுங்கள். பக்கக் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு கையால் பிடிக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

பொறி எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். பாதுகாப்புக்கு 35 அடி தூரம் கணக்கு வைப்பார்கள், நம்ம ஷெட் மொத்தமே அவ்வளவு நீளம் இருக்காது. அதிலும் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று இருக்கிறதே, தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம் நின்று பேசவே முடியாது. அந்தக் காற்றில் பொறி அடுத்த வீட்டு ஓலைக்கும் தென்னந்தும்புக்கும் போய்விடும். அந்த மாதங்களில் வெளியே வைத்து அறுப்பதானால் காற்று அடங்கும் நேரம் பார்த்து, சுற்றிலும் தண்ணீர் தெளித்துவிட்டு அறுங்கள். முடிந்த பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். சாக்கு, தும்பு, மரத்தூள் எல்லாம் உடனே எரியாது, உள்ளே கனிந்துகொண்டே இருந்து நாம் சாப்பிட்டுப் படுத்த பிறகு பற்றும்.

மரம் அறுக்க மார்பிள் கட்டர்

டைல்ஸ் போட வாங்கிய மார்பிள் கட்டரில் பல் வைத்த மர பிளேடை மாட்டிப் பலகை அறுப்பது ஊர் முழுக்க நடக்கிறது. தச்சு ஆசாரிகளே செய்கிறார்கள், அவர்களுக்குக் கை பழகியிருக்கிறது, ஆனாலும் பிளேடு அவர்களையும் விடுவதில்லை. அந்த மெஷின் கல்லை உரசி அறுக்கச் செய்தது. மரத்துக்கென்று செய்த சர்குலர் ரம்பத்தில் பிளேடின் கீழ்ப்பாதியையும் மூடுகிற மூடி ஒன்று ஸ்பிரிங்கில் இருக்கும், மரத்தை விட்டு எடுத்ததும் தானாக மூடிக்கொள்ளும். மார்பிள் கட்டரில் அது கிடையாது. பல மார்பிள் கட்டர்களில் சுவிட்சைப் பூட்டிவிடும் பட்டனும் உண்டு, கையை விட்டாலும் ஓடிக்கொண்டே இருக்கும். வேப்பங்கட்டையில் ஒரு கணு வந்தால் மெஷின் பின்னால் எகிறும், பின்னால் இருப்பது உங்கள் தொடை. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்ப் பல் பிளேடைக் கட்டிங் மெஷினில் மாட்டுகிறார்கள். அது இன்னும் மோசம்.

அடிக்கடி மர வேலை உண்டென்றால் மர ரம்பம் வாங்குங்கள். எப்போதாவது இரண்டு பலகைதான் என்றால் கைரம்பமே போதும், இல்லாவிட்டால் அளவு எழுதிக்கொண்டு போய் மரக்கடையிலேயே அறுத்து வாங்கிக்கொள்ளலாம், அவர்களிடம் பெரிய மெஷின் இருக்கிறது.

பாலிஷ் போடுபவர்களுக்கு ஒன்று. லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடு விடும், சுருட்டிய துணிக்குள் சூடு வெளியேற வழி இல்லாமல் ஏறி ஏறி, யாரும் நெருப்பு வைக்காமல் தானாகவே பற்றிக்கொள்ளும். கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்கி வையுங்கள்.

வெல்டிங்

சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் இப்போது மலிவாகக் கிடைப்பதால் நிறைய வீடுகளில் வந்துவிட்டது. என் அத்தான் ஒருவர், கல்லிடைக்குறிச்சிக்காரர், வாங்கிய முதல் நாள் முகமூடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்து ஒட்டியிருக்கிறார். பகல் முழுக்க ஒன்றும் இல்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல், கண்ணைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் அழுதிருக்கிறார். வெல்டிங் வெளிச்சத்தின் புறஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும், ஆனால் வலி பல மணி நேரம் கழித்துத்தான் வரும், அதனால்தான் செய்யும்போது ஆள் ஏமாந்துபோவது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும், ஆனாலும் கண் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். கூலிங் கிளாஸ் இதற்கு ஆகாது, 10 அல்லது 11-ம் நம்பர் கண்ணாடி போட்ட முகமூடிதான் ஆகும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே கண்தான், அவர்களை முதலில் வீட்டுக்குள் அனுப்புங்கள்.

ஜி.ஐ. பைப்பை ஒட்டும்போது வெள்ளைப் புகை வரும். மேலே பூசிய துத்தநாகம் எரிகிற புகை அது. நிறைய இழுத்துவிட்டால் சாயங்காலம் குளிர்ஜுரம் கண்ட மாதிரி நடுக்கும். ஒட்டுகிற இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, ஷட்டரை முழுக்கத் திறந்து வைத்து, காற்று உங்களுக்கு ஒரு பக்கவாட்டிலிருந்து மறு பக்கம் போகிற மாதிரி நின்று ஒட்டுங்கள்.

பெட்ரோல் டேங்க், தின்னர் டின், எண்ணெய் டிரம் எதையும் வீட்டில் ஒட்ட வேண்டாம், அறுக்கவும் வேண்டாம். காலியாக இருந்தாலும், கழுவிக் காயவைத்தாலும். காலி டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும்.

கரண்ட்

நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். பெட்டியில் இருக்கிற எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுகிற சுவிட்ச்) ஒயரைக் காப்பாற்றத்தான், ஆளைக் காப்பாற்ற இல்லை. 16 ஆம்பியர் எம்.சி.பி. விழுவதற்கு முன்னாலேயே, அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான கரண்ட் ஆளை முடித்துவிடும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்பியர் வகை. நிலத்துக்குக் கசிகிற கரண்ட் அந்த அளவுக்கு வந்ததும் கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். பழைய வீடுகளில் இது இருக்காது. வேறு எந்தக் கருவி வாங்குவதற்கு முன்னாலும், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஷெட் லைனுக்கு இதைப் போடச் சொல்லுங்கள். போட்ட பிறகு மாதம் ஒரு முறை அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள், விழ வேண்டும், விழவில்லை என்றால் மாற்றுங்கள். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தால் இதுவும் காப்பாற்றாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று பின் பிளக்கில் மேல் பின் மட்டும் நீளமாக இருப்பது, சொருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும் என்பதற்காக. இரண்டு பின் சாக்கெட்டுக்காக அதை ஒடிப்பது, பிளக்கே இல்லாமல் இரண்டு ஒயரையும் சாக்கெட்டில் விட்டுத் தீக்குச்சி சொருகுவது, இதெல்லாம் நம் பக்கம் நிறையப் பார்க்கிறேன். கல்யாணப் பந்தலில் செய்தாலும் தப்பு, ஈரத் தரையுள்ள ஷெட்டில் செய்தால் உயிர். ஒயர் ரீல் வைத்து வெல்டிங், கட்டிங் ஓட்டுவதானால் முழுக்க இழுத்து விடுங்கள், சுற்றியபடியே இருந்தால் உள்ளுக்குள் சூடேறி உருகும். வெள்ளத்தில் மூழ்கிய சுவிட்ச், சாக்கெட் இன்னும் மாற்றாமல் இருந்தால் மாற்றுங்கள், உள்ளே இருக்கும் வண்டல் மண் ஒவ்வொரு மழைக்கும் ஈரத்தை இழுக்கும். மோட்டார் கப்பாசிட்டரைக் கரண்ட் நிறுத்திய பிறகும் கையால் தொடாதீர்கள், சார்ஜ் உள்ளே நிற்கும்.

ஜாக்கி

சின்னக் கார்கூடப் பெரும்பாலும் 700, 800 கிலோ இருக்கும். டிக்கியில் வருகிற ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும், அதை வைத்துத் தூக்கிவிட்டு அடியில் படுக்கக்கூடாது, ஒரு நிமிஷத்துக்கும் கூடாது. ஹைட்ராலிக் ஜாக்கியும் அப்படித்தான், உள்ளே ஒரு வாஷர் கிழிந்தால் சத்தமே இல்லாமல் இறங்கும். ஆயிலோ சைலன்சரோ பார்க்க அடியில் போக வேண்டுமென்றால் இரும்பு ஸ்டாண்டு இரண்டு வேண்டும்.

ஹாலோ பிளாக், செங்கல் அடுக்கி வைப்பது வேண்டாம். ஹாலோ பிளாக் விரிசல் கூடக் காட்டாமல் ஒரே நொடியில் பொடியாகிவிடும். தரை சமமாக, சிமென்ட் தளமாக இருக்கட்டும். மழைக்குப் பிறகு பேவர் பிளாக் தரையில் ஜாக்கி ஒரு பக்கமாக அமிழும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஹேண்ட் பிரேக் போடுங்கள், கியரில் விடுங்கள். சக்கர நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள், தூக்கிய பிறகு முக்கி இழுத்தால் வண்டி நகரும். தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்ததும், அடியில் போவதற்கு முன், பம்பரைப் பிடித்து நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் அப்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தையும் ஓரத்துக்கு வைக்காமல் வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள், எல்லாம் தவறினாலும் அந்த அரை அடி உயரம் மார்புக்கு இடம் கொடுக்கும்.

பெட்ரோல், பேட்டரி, புகை

செயின், கார்புரேட்டர் கழுவப் பெட்ரோல் எடுப்பதை விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம், மேலே போகாது, தரையோடு தவழ்ந்து போய்ப் படிக்கட்டுக்கு அடியில் இருக்கிற இன்வெர்ட்டரையோ அடுத்த அறையில் எரிகிற பூஜை விளக்கையோ தேடிப் பிடிக்கும். கழுவுகிற இடத்துக்கும் நெருப்புக்கும் தூரம் இருக்கிறது என்ற கணக்கு அதனால்தான் தப்பாகிறது. கழுவ மண்ணெண்ணெய் பரவாயில்லை, அதையும் வெளியே நிழலில் வைத்துச் செய்யுங்கள். அது 38 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே பற்றக்கூடிய ஆவி விடத் தொடங்கும், பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலுக்கு அது பெரிய சூடு இல்லை.

இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே வெடிக்கும். ஆகவே பேட்டரி இருக்கிற ஷெட்டில் கட்டிங், வெல்டிங் என்றால் பேட்டரியை வெளியே மாற்றுங்கள், அல்லது வேலையை வெளியே மாற்றுங்கள். கார் பேட்டரி கழற்றும்போது நெகட்டிவை முதலில், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில். எலக்ட்ரிக் ஸ்கூட்டரின் லித்தியம் பேட்டரியை வீட்டில் பிரிக்கவே வேண்டாம்.

மழை நாளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பேட்டரி ஏறட்டும் என்று காரை ஓடவிட்டு உள்ளே உட்காராதீர்கள். ஜெனரேட்டரும் அப்படித்தான். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தலைவலியும் தூக்கமும்தான் முதலில் வரும். தூக்கம் வந்தவர் எழுந்துபோய் ஷட்டரைத் திறப்பதில்லை.

மேற்கூரை

நிறைய ஷெட்டுகளுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஒழுகுகிறது என்று ஏறுகிறவர்கள் அது ஆளைத் தாங்கும் என்று நினைக்கிறார்கள். வெயிலில் இருபது வருஷம் காய்ந்த ஷீட் அப்பளம் மாதிரி. குறுக்குச் சட்டங்களின் மேல் இரண்டு சட்டத்துக்கும் எட்டுகிற மாதிரி பலகை போட்டு, பலகையில் மட்டும் நகர்ந்து வேலை பாருங்கள். அந்த ஷீட்டைக் கட்டிங் மெஷினால் அறுக்கக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத இழை நுரையீரலில் போய்த் தங்கி, பல பத்தாண்டு கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். தண்ணீர் ஊற்றி நனைத்து, கைரம்பத்தால் அறுத்து, தூளை வாரியலால் கூட்டாமல் ஈரத்துணியால் வழித்து எடுங்கள். பழைய மரக் கதவு, ஜன்னல் பெயின்டை உப்புத்தாளால் தேய்க்கும்போதும் நனைத்தே தேயுங்கள். பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு (90 பி.பி.எம்.) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 கடைசியில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தின பூச்சில் எவ்வளவு இருக்குமோ. பிள்ளைகள் தரையில் தவழும் வீடென்றால் அந்தத் தூள் வீட்டுக்குள் போகவே கூடாது.

அடிபட்டால்

ரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்துங்கள், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம், டாக்டர் தையல் போடுவதற்கு முன் அதை எல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், அந்த வலி தனி. துருக் கம்பி என்றால் டி.டி. ஊசி கேளுங்கள்.

சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம். ஐஸ் வேண்டாம், பேஸ்ட் வேண்டாம், தோசை மாவு வேண்டாம். பேட்டரி ஆசிட் கண்ணில் பட்டாலும் அதே இருபது நிமிஷம் தண்ணீர், இமையை விரித்துப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகுதான் ஆட்டோ.

கண்ணில் இரும்புத் தூள் விழுந்தால் கசக்காதீர்கள், சேலை நுனியால் எடுக்கச் சொல்லாதீர்கள். எங்கள் ஆச்சி காலத்தில் நாக்கால் எடுப்பார்கள், அதுவும் வேண்டாம். குத்தி நிற்கிற மாதிரி தெரிந்தால் பிடுங்காமல், தண்ணீரும் விடாமல், கண்ணின் மேல் ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

விரல் துண்டானால், துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பைக்குள் வையுங்கள். விரலை நேராக ஐஸில் போட்டால் சதை வெந்துவிடும், ஒட்ட முடியாது. ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டவரைக் கையால் இழுக்காமல் மெயினை அணைக்க வேண்டும், அதனால் மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் இன்றைக்கே காட்டிக்கொடுங்கள்.

கடைசியாக ஒரு சுண்ணாம்புக் கட்டி எடுத்துக்கொண்டு போய் ஷெட் சுவரில் வாசல் பக்கமாகப் பெரிதாக எழுதுங்கள். 108. அதற்குக் கீழே உங்கள் வீட்டு விலாசம், தெருப்பெயர், பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கோயிலோ பள்ளிக்கூடமோ எதுவோ அந்த அடையாளம். அடிபட்டது நீங்கள் என்றால் போன் பண்ணப் போவது உங்கள் மனைவியோ பிள்ளையோதான். என் மகளை ஒரு நாள் அந்தச் சுவர் முன்னால் நிறுத்தி, போனில் சொல்லுகிற மாதிரி வாசிக்கச் சொன்னேன். தெருப்பெயரில் ஒரு இடத்தில் தடுமாறினாள். அந்த வரியை அழித்து, இன்னும் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.